அசைவற்ற நிலையில்

கண்மாய் உடைந்த மறுநாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, செத்துப்போன எங்கள் நானூற்றுப் பன்னிரண்டு செம்மறிகளும் வழக்கம்போலக் கிடைக்குத் திரும்பி வந்தன, வழக்கம்போலக் கடாக்கள் முன்னே, சினையாடுகள் நடுவே, கிழடுகள் கடைசியில் என்று வந்தன, வந்து தங்கள் இடத்தில் நின்றன, ஒன்றுகூடக் கத்தவில்லை என்பதும் எல்லாவற்றின் உடம்பிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது என்பதும்தான் வித்தியாசம். நாங்கள் ஏழு வீட்டுக்காரர்களும் அப்போது மேட்டுப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்து அரசாங்கம் அனுப்பிய பொட்டலச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தோம். கையில் எடுத்த சோறு கையிலேயே இருக்க எல்லோரும் பார்த்தோம், பார்த்துவிட்டு மிச்சத்தையும் தின்று முடித்தோம், ஏனென்றால் முந்தின நாள் காலையிலிருந்து யாரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

எங்கள் பிழைப்பைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுப்பு முடிந்த வயலில் ராத்திரி ஆட்டை அமர்த்துவோம், அதுதான் கிடை, ஆடு போடும் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம், நிலத்துக்காரர் அதற்குக் கூலி தருவார், அடுத்த நாள் அடுத்த வயல், இப்படியே பங்குனி சித்திரை முழுக்க ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்போம். ஏழு வீட்டு ஆடும் ஒரே கிடை, ஏழு வீட்டுக்கும் ஒரே தலைவர், அவரைக் கீதாரி என்போம். எங்கள் கீதாரி பூவலிங்கம் அண்ணன், என் பெரியப்பா மகன். அவர் படுத்தால்தான் ஆடு படுக்கும், அவர் நின்றால் நானூறும் நிற்கும், அவர் துண்டை விரித்துச் சாய்ந்த மறு நிமிஷம் மடமடவென்று எல்லாம் முழங்கால் மடக்கிப் படுக்கும். அவர் சம்சாரம் அரியநாச்சி மதினி கூப்பிட்டால்தான் ஆடு வரும். மேய்ச்சலில் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சரி, சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் வாயருகே கையைக் குவித்து, “ஏ... தோத்தோத்தோ... வந்துருங்க, வந்துருங்க” என்று ஒரு குரல் விட்டால் எல்லாம் தலையைத் தூக்கிவிடும்.

அண்ணனும் அந்தக் குரலுக்குத்தான் வருவார். எங்கள் பெண்டுகளுக்குப் புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் கிடையாது. கல்யாணமான முப்பது வருஷத்தில் மதினி அவரைத் தனியாக ஒருதரம்கூடக் கூப்பிட்டதில்லை, ஆட்டைக் கூப்பிடுவாள், ஆட்டோடு அவரும் வருவார், அவ்வளவுதான் அவர்கள் ஏற்பாடு. “என்ன மதினி, அண்ணனையும் கெடாவோட சேத்துட்டியா” என்று நான் கேலி செய்வேன். “கெடான்னா இந்நேரம் நல்ல வெலைக்கு வித்துருப்பேன் குருவம்மா” என்பாள். பிள்ளை இல்லாத வீடு, ஆனாலும் சிரிப்புக்குக் குறைவில்லாத வீடு.

எங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. கிடையில் ஓர் ஆடு செத்தால் மூன்று சாயங்காலத்துக்குக் கூப்பிடுகிற குரல் விடக் கூடாது. அந்த மூன்று நாளும் கீதாரி பேசாமல் முன்னால் நடப்பார், ஆடுகள் பின்னால் வரும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் பதில் தெரிந்தவர்கள் இல்லை, சும்மா கடைப்பிடித்து வந்தோம்.

கண்மாய் உடைந்த அன்றைக்கு விடியற்காலையில் அண்ணன் மடையைப் பார்க்கக் கரைமேல் ஏறியிருந்தார். கரை அவருக்கு நூறடி தள்ளி உடைந்தது. ஆடுகள் ஓடியிருக்கலாம், மேடு பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் அவர் வராமல் நகரக் கூடாது என்று நின்ற இடத்திலேயே நின்றன, குட்டிகள் அடைத்த கூடும் அங்கேயே இருந்தது, தண்ணீர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டுபோய்ச் சீமைக்கருவேல முள்ளில் செருகிவிட்டது. வீட்டில் கட்டிக்கிடந்த ஒரு நொண்டி ஆடு மட்டும் தப்பித்தது. மறுநாள் சாயங்காலம் மதினி அந்த நொண்டியை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள், மணி ஐந்தரை, அவளுக்கு எந்த நினைப்பும் இல்லை, முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாக வாயருகே போனது, தொண்டை தானாகத் திறந்தது. அண்ணன் சோற்றை விட்டுவிட்டு “ஏய், ஏய்!” என்று எழுந்து ஓடுவதற்குள் குரல் முள்ளுக்காடு வரைக்கும் போய்விட்டது.

முதல் வாரம் ஊர் அந்த ஆடுகளைக் கண்டு ஒதுங்கி நடந்தது, இரண்டாம் வாரம் அவற்றை ஒதுங்கச் சொல்லி நடந்தது. நாய்கள் குரைக்கவில்லை, ஏனென்றால் ஆடுகளிடம் ஆட்டு வாடை இல்லை, சேற்று வாடைதான் இருந்தது. கருவேலங்காயை நீட்டினால் மோந்து பார்த்துவிட்டு மரியாதைக்கு ஒன்றைக் கவ்வி அப்புறம் கீழே போட்டுவிடும். குட்டிகள் தாய் மடியை முட்டும், மடியிலிருந்து கண்மாய்த் தண்ணீர் வரும், அதையும் குடிக்கும். அண்ணன் ரேஷன் கடைக்குப் போனால் பின்னாலேயே போய் வரிசையில் நிற்கும், அவை நின்ற இடமெல்லாம் குளமாகி, கடைக்காரர் அரிசி மூட்டைகளைப் பலகைமேல் ஏற்றி வைத்தார். பூசாரி, சாவு முடிந்தால்தானே தீட்டு எப்போது முடியும் என்று சொல்ல முடியும், இது முடியாத சாவு என்று கோயிலைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார், ரொம்ப நாளாகப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். கறிக்கடைக்காரர் எங்கள் சம்மதத்தோடு ஒரு கடாவின் கழுத்தில் கத்தி வைத்துப் பார்த்தார். ஒரு குடம் தண்ணீர் வந்தது. கடா திரும்பி அவரைப் பார்த்துவிட்டு, கழுத்திலிருந்து தண்ணீர் வழிய, மற்ற ஆடுகளோடு போய் நின்றுகொண்டது. அவர் அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

மழை நின்று வெயில் ஏறியதும் மிளகாய்க்காட்டு மாரநாடு வந்தார். கிடையை என் காட்டில் நாலு நாள் நிறுத்து கீதாரி, சொட்டுகிற தண்ணீர் செடிக்கு ஆகும் என்றார். நிறுத்தினோம். செடி தழைத்தது, பூத்தது, காய்த்தது. அண்ணன் கூலி கேட்டார்.

“கூலி ஒரத்துக்குத்தான கீதாரி. தண்ணிக்கு எந்த ஊர்ல கூலி குடுத்தாக?” என்றார் மாரநாடு.

அப்புறம் பழம் பறித்துக் கடித்துப் பார்த்தால் ஒரு காயிலும் காரம் இல்லை, வாய் நிறையக் கண்மாய்த் தண்ணீர்தான். அதற்கும் அவர் எங்களைத்தான் வைதார். அந்த ஆளின் முகத்தில் முழிப்பதே பாவம் என்று நான் அன்றைக்குச் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. வெள்ளத்தில் செத்த ஒவ்வோர் ஆட்டுக்கும் பணம், நேராக வங்கிக் கணக்கில். பக்கத்து ஊர் ஆடுகள் ஒழுங்காகச் செத்து ஒழுங்காகக் கிடந்தன, அவர்கள் பட்டியல் ஒரே வாரத்தில் போய்விட்டது, புது ஆடு பார்க்க அவர்கள் சந்தைக்குக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் ஊருக்கு வி.ஏ.ஓ. வந்தார், வந்து வண்டியை விட்டு இறங்காமலே பார்த்தார்.

“செத்த ஆடு எங்கய்யா?”

“இந்தா நிக்கிதுல்ல சார்” என்றார் அண்ணன்.

“நிக்கிதுங்கறீங்க. நிக்கிறத நான் எப்பிடிய்யா செத்துருச்சுன்னு எழுதுவேன்?”

மறுநாள் கால்நடை டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். சின்ன வயசு, நல்ல பொண்ணு, சேற்றில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓர் ஆட்டின் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டாள். அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. எழுந்தபோது அவள் சேலையெல்லாம் நனைந்திருந்தது.

“உயிர் இல்ல சார். துடிப்பு இல்ல, மூச்சு இல்ல, சூடு இல்ல. ஆனா நடமாட்டம் இருக்கு.”

“நடமாட்டத்துக்குக் கட்டம் இல்லையேம்மா” என்றார் வி.ஏ.ஓ.

அந்தப் பெண் விடவில்லை, மேலே எழுதிக் கேட்டாள். மேலே இருந்து பதில் வந்தது. அதை அவளே எங்களுக்கு வாசித்துக் காட்டினாள்: உயிரிழந்த கால்நடை என்பது அசைவற்ற நிலையில், பக்கவாட்டில் படுத்த நிலையில், காது வில்லை தெளிவாகத் தெரியும்படி செயலியில் படம் எடுக்கப்பட்டு, முறைப்படி குழியில் புதைக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும், நடமாடும் கால்நடைகளுக்குத் தீவன மானியம் கோரலாம். தீவன மானியம் வாங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டோம். ஆடு தின்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றாள், சொல்லிவிட்டு அவளுக்கே அழுகை வந்துவிட்டது. பட்டியல் தை மாதக் கடைசியோடு முடிகிறது என்றும் சொன்னாள்.

அன்று எங்கள் ஏழு வீட்டிலும் மதினியைத் திட்டாதவர்கள் இல்லை. நேராகத் திட்டவில்லை, அவள் காதில் விழும்படி அடுப்பைத் திட்டினோம், விறகைத் திட்டினோம். செத்ததைச் சாகவிடாத வாய் என்று என் வீட்டுக்காரர் சொன்னது அவளுக்குக் கேட்டது. அவள் கிடைக்குப் போய் ஆடுகளின் முன்னால் நின்று, “போங்க. போயிருங்க ஆத்தா. போங்க” என்றாள். ஆடுகள் காதை நிமிர்த்தி அவள் முகத்தையே பார்த்தன. அந்தச் சொல்லை அவள் அதுவரைக்கும் அவற்றிடம் சொன்னதில்லை, அதனால் அவற்றுக்கு அது என்னவென்று தெரியவில்லை, அவள் பக்கத்தில் இன்னும் நெருங்கி வந்து நின்றன.

அப்போது அண்ணன் சொன்னார், “நான் படுத்தா படுக்கும்ல.”

இதுதான் எங்களில் யாருக்கும் தோன்றாமல் இருந்தது. வெள்ளம் வந்த நாளிலிருந்து அண்ணன் படுக்கவே இல்லை. ராத்திரியெல்லாம் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்பார், உட்கார்ந்தே கண் அசருவார், தான் கரைமேல் போனதால்தான் அவை நின்ற இடத்தில் செத்தன என்ற நினைப்பு அவரைச் சாய விடவில்லை. அவர் நின்றதால் அவையும் நின்றன. மறுநாள் காலையில் பள்ளத்து வயலில் ஜேசிபி வந்து குழி தோண்ட, அதன் ஓரமாகத் துண்டை விரித்து அண்ணன் ஒருக்களித்துப் படுத்தார், படுத்த மறு நிமிஷம் நானூற்றுப் பன்னிரண்டும் மடமடவென்று முழங்கால் மடக்கி, அவரைப் போலவே ஒருக்களித்துப் படுத்தன. டாக்டரம்மா கைதட்டிவிட்டாள். வி.ஏ.ஓ. கூடச் சிரித்தார்.

ஆனால் படம் ஏறவில்லை. ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு படம், படத்தில் காதில் அடித்த வில்லையின் நம்பர், படம் எடுத்தால் செல்போனில் ஒரு வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், அப்புறம் சர்வர் இல்லை என்று சொல்லி எடுத்ததையும் அழித்துவிடும். மத்தியானம் வரைக்கும் ஒன்பது ஆடு ஏறியது. அண்ணனுக்கு ஒரு தும்மல் வந்தது, தும்மலுக்குப் பாதி எழுந்தார், நானூற்றுப் பன்னிரண்டும் பாதி எழுந்தன. “அய்யா, அய்யா, படுங்க, எல்லாம் மாறிப்போயிரும்” என்று டாக்டரம்மா கத்தினாள். அவர் படுத்தார். ஏறின ஆடு எது, ஏறாத ஆடு எது என்று வரிசை கலைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதனால் எல்லாம் ஏறி முடிகிற வரைக்கும் அவர் எழுந்திருக்கக் கூடாது என்று முடிவானது. முடிவு செய்தது வி.ஏ.ஓ. இல்லை. ஏழு வீட்டுக்காரர்களும் சேர்ந்துதான் முடிவு செய்தோம், அண்ணனும் ஒருவர்.

முதல் நாள் இப்படிப் போனது, ராத்திரி பனியில் போனது, இரண்டாம் நாளும் வந்தது. நானூறு ஆட்டுத் தண்ணீரும் சரிவில் அவர் படுத்திருந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது, துண்டு ஊறி, வேட்டி ஊறி, அவர் பாதி உடம்பு சேற்றில் பதிந்திருந்தது. மதினி கஞ்சி கொண்டுபோய் அவர் தலையைத் தூக்காமல் ஒரு பக்கமாகச் சங்கில் புகட்டினாள், பச்சைப்பிள்ளைக்குப் புகட்டுகிற சங்கு, குட்டிகளுக்கு மருந்து ஊற்ற வைத்திருந்தது. நான் பக்கத்தில் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நெற்றி கொதித்தது.

“காச்ச அடிக்கிது. எந்திரிங்க. நாந்தான கூப்புட்டேன், நான் படுக்கிறேன்” என்றாள்.

“ஒனக்குப் படுக்காது.”

“படுக்காட்டிப் போகுது. காசும் வேணாம் ஒண்ணும் வேணாம்.”

“காசு வேணாம்னா?” என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமல். “ஒரு இருவது பெட்டை வாங்குனாப் போதும் நம்ம வீட்டுக்கு. பங்குனிக்குக் கெடை போட்டுறலாம். இல்லேன்னா எல்லாரும் வெறகச் சுட்டுக் கரியாக்குற கரிமூட்டத்துக்குத்தான் கூலிக்குப் போகணும். குருவம்மாவுக்கு இருக்கிற இருமலுக்கு அந்தப் பொகையில ஒரு மாசம் தாங்குவாளா?”

நான் அங்கேயே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. எழுந்திரு அண்ணே, நான் கரிமூட்டத்துக்குப் போய்க்கொள்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சட்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

மூன்றாம் நாள் காலையில் சர்வர் வந்தது. யாரோ எங்கேயோ எதையோ சரிசெய்துவிட்டார்கள் போல, படம் மளமளவென்று ஏறியது, டாக்டரம்மா குனிந்து குனிந்து எடுத்துக்கொண்டே போனாள், முந்நூறு, முந்நூற்றைம்பது, நானூறு. வழக்கமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று விழவில்லை என்று எனக்கு அப்போது உறைத்தது. சொட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. ஆட்டு ரோமமெல்லாம் வெயிலில் காய்ந்து விறைத்துக் கிடந்தது, கடாவின் கண்ணில் ஈ உட்கார்ந்திருந்தது.

“முடிஞ்சிருச்சுய்யா, எந்திரிங்க!” என்று நானூற்றுப் பன்னிரண்டாவது ஆட்டிலிருந்து நிமிர்ந்தாள் டாக்டரம்மா. அவர் எழுந்திருக்கவில்லை. ஆடுகளும் எழுந்திருக்கவில்லை. அவள் ஓடிவந்து, வேறு ஒன்றும் கையில் இல்லாததால், ஆட்டுக்கு வைத்த அதே குழாயை அவர் நெஞ்சில் வைத்துக் கேட்டாள்.

மதினி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், முகத்துச் சேற்றைத் துடைத்தாள், எங்களை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது என்ன என்று எங்கள் ஏழு வீட்டுக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கூப்பிட்டால் அவர் வருவார். சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் ஒரு குரல் விட்டால் போதும், குளிர்ந்த உடம்போடு, தண்ணீர் சொட்டச் சொட்ட, பேச்சில்லாமல், ஆனாலும் வந்துவிடுவார், வந்து வாசலில் கம்பை ஊன்றி நிற்பார். ஆனால் அவரைத் தனியாகக் கூப்பிட அவளுக்குக் குரல் கிடையாது. அவருக்கும் ஆட்டுக்கும் ஒரே குரல்தான். அவர் எழுந்தால் நானூற்றுப் பன்னிரண்டும் குழியிலிருந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடும், படமெல்லாம் பொய்யாகிவிடும், பட்டியல் முடிய இரண்டே நாள்.

நாங்கள் அவரை ஓடைக்கரையில் அடக்கம் செய்தோம். ஆடுகளை ஜேசிபி குழியில் தள்ளி மூடியது. அப்புறம் மூன்று சாயங்காலமும் ஏழு வீட்டுப் பெண்டுகளும் மதினியைச் சுற்றி உட்கார்ந்தோம். துக்கம் விசாரிக்க உட்கார்ந்திருக்கிறோம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். முதல் நாள் அவளாகவே ஐந்தரைக்கு முந்தானையை உருட்டி வாயில் திணித்துக்கொண்டாள், ஆறு மணிக்கு எடுத்தாள். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் திணித்துக்கொள்ளவில்லை.

“குருவம்மா, ஒரே ஒருக்கா” என்றாள். “வந்தா வெறுமனே நிக்கட்டும். அவுக ஒண்ணும் திங்க மாட்டாக, குடிக்க மாட்டாக, யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. பாத்துக்கிட்டு இருப்பேன்.”

மணி ஐந்தரை ஆனது. அவள் கை தானாக வாயருகே போனது, அதற்கு முன்னால் என் கை போய்விட்டது. நான் பொத்தினேன், இன்னொருத்தி அவள் தலையைப் பிடித்தாள், இன்னும் இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள். என் உள்ளங்கைக்குள் அந்தக் குரல் முட்டி முட்டித் திரும்பியது, அதன் சூடு எனக்குத் தெரிந்தது, அவள் கடித்தாள், ரத்தம் வந்தது, நான் எடுக்கவில்லை. அவர் என் அண்ணன். என் பெரியப்பா மகன், என் கல்யாணத்துக்குத் தாய்மாமன் இல்லாத குறை தெரியாமல் தானே பட்டு எடுத்துக்கொடுத்தவர். எல்லாம் தெரிந்துதான் பொத்தினேன். ஆறு மணிக்கு விட்டோம். அவள் எழுந்து நொண்டி ஆட்டைக் கட்டப் போனாள்.

பணம் மாசிக் கடைசியில் வந்தது. அண்ணனின் செல்போனில் டிங் என்று சத்தம் கேட்டது, மதினி அதைச் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டே இருந்தாள். ஏழு வீட்டுப் பணமும் மொத்தமாக அவர் கணக்குக்கே வந்திருந்தது. அது எங்கள் கெட்டிக்காரத்தனம்தான்: போன வருஷம் தடுப்பூசி போட வந்தவர்கள் காதில் வில்லை அடித்து, இந்த ஆடு யாருது, இந்த ஆடு யாருது என்று கேட்டபோது, ஒரே கிடையைப் பங்கு பிரித்துச் சொல்வது எங்களுக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது, எல்லோரும் கீதாரியைக் கைகாட்டினோம்.

வங்கிக்குப் பதிமூன்று பேர் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, “கணக்கு வச்சிருக்கிறவரு நேர்ல வரணும், விரல் வைக்கணும்” என்றார். செத்துவிட்டார் என்றோம். எப்போது என்றார். சொன்னோம். அவர் நல்லவராகத்தான் இருந்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “அத வெளிய சொல்லாதீங்க. அனுமதி குடுத்த தேதில பயனாளி உயிரோட இருக்கணும். இறப்புச் சான்று குடுத்தீங்கன்னா பணம் அப்பிடியே திரும்பிப் போயிரும். அவரு விரல் ஒண்ணு இருந்தாப் போதும்.”

திரும்பி வருகிற பஸ்ஸில் எல்லோர் மனசிலும் ஒன்றே ஓடியது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இறங்கியதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பொத்தின கைதானே கேட்க வேண்டும். போனேன். மதினி வாசலில் நொண்டி ஆட்டுக்கு அகத்திக்கீரை போட்டுக்கொண்டிருந்தாள். அது சினையாகியிருந்தது, எந்தக் கடாவுக்கு என்று ஊரில் யாரும் கேட்கவில்லை.

“மதினி” என்றேன். “ஒருதரம் கூப்புட்டுப் பாக்குறியா?”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் உள்ளங்கையைப் பார்த்தாள், தழும்பு அப்போது வெளுத்திருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள், நொண்டி பின்னால் போனது, நாங்கள் ஏழு வீட்டுக்காரர்களும் பின்னால் போனோம், என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் மை டப்பா வைத்திருந்தார்.

பள்ளத்து வயலில் குழி மேட்டில் புல் முளைத்திருந்தது. ஐந்தரை மணிக்கு அவள் கையைக் குவித்து, “ஏ... தோத்தோத்தோ... வந்துருங்க, வந்துருங்க” என்று குரல் விட்டாள். அது பழைய குரல்தான், ஒரு குறையும் இல்லை, முள்ளுக்காட்டுக்குப் போய் ஓடைக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது. மூன்று சாயங்காலம் என்றைக்கோ முடிந்துபோயிருந்தது, மண் அசையவில்லை. ஓடைப் பக்கம் யாரும் வரவில்லை. நொண்டி ஆடு மட்டும் அவள் காலடியிலிருந்து இரண்டு எட்டு முன்னால் போய், தனக்குப் பின்னால் மற்றவை வருகின்றனவா என்று திரும்பிப் பார்த்தது. அவள் மறுபடி கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். நிழல் நீண்டு இருட்டப் போகும் நேரத்தில் குரலை நிறுத்திவிட்டு, கையை இறக்கிவிட்டு, முப்பது வருஷத்தில் நாங்கள் யாரும் அவள் வாயில் கேட்டிராத ஒன்றைச் சொன்னாள்.

“பூவலிங்கம்” என்றாள். சத்தமே இல்லை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அப்புறம் கொஞ்சம் உரக்க, “பூவலிங்கம், பூவலிங்கம்” என்றாள். எங்கள் பெண்டுகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஒன்றும் வரவில்லை. அவள் திரும்பி எங்களைக் கடந்து நடந்தாள், என்னிடம் வந்ததும் நின்றாள்.

“அவுகளுக்கு அந்தப் பேரு எங்கிட்டருந்து கேட்டுப் பழக்கமில்ல குருவம்மா” என்றாள். “கேட்டுருந்தாலும் வேற யாரையோன்னு கெடந்துருப்பாக.”

சொல்லிவிட்டு நொண்டியின் காதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நாங்கள் திங்கட்கிழமை கரிமூட்டத்துக்குக் கிளம்பினோம்.